பொம்மைச் சூளையில் வெந்த எங்கள் வேனின் ஹெட்டு

என் மனைவி பாக்கியத்துக்கு முழங்கால் இரண்டும் போய் ஆறு வருடமாகிறது. பஸ் படி ஏற முடியாது. ஏற்றிவிட்டாலும் காலை மடக்கி உட்கார முடியாது. அதனால் எங்கள் பழைய டீசல் வேனில் நடு சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டிலைப் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். அவள் படுத்தபடியே ஜன்னலில் ஊர் பார்த்துக்கொண்டு வருவாள். போன மார்கழியில், பரங்கிப்பேட்டையில் இருக்கும் தங்கையைப் பார்க்கவேண்டும் என்றாள். ஆத்தூரிலிருந்து விருத்தாசலம், புவனகிரி வழியாகச் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுவதைப் போன் எழுதிக்கொள்கிறது, பக்கத்து வீட்டு டீச்சர் பிழை பார்த்துப் போடுகிறார். ஆனால் கண்டதும் கேட்டதும் எனக்கு மறக்காது. முடியாதவர்களை வைத்துக்கொண்டு பழைய வண்டியில் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சின்னசேலத்தில் டீ. வேப்பூர் தாண்டி பத்து கிலோமீட்டர் போயிருப்போம், வண்டி இழுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே வெள்ளைப் புகை. ரேடியேட்டர் ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. சூடு காட்டும் முள் வெகுநாளாகத் தூக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஆறவிட்டு, குழாயைத் துணியால் கட்டி, தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். ரேடியேட்டருக்குள் பொங்கல் பானை போலக் குமிழி கிளம்பியது. எஞ்சினை அணைத்துவிட்டேன்.

விருத்தாசலத்துக்கு டயர் மாற்றப் போய்க்கொண்டிருந்த ஒரு காலி டிராக்டர் நின்றது. டிரைவர் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஓட்டுகிறவராம். கயிறு கட்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அம்மா எறங்க வாணாம், அப்படியே படுத்திருக்கட்டும். கல்யாணப் பொண்ணு ஊர்வலம் மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப மாப்பிள்ளைய ஸ்டீரிங்க ஒழுங்காப் புடிக்கச் சொல்லு தம்பி" என்றாள் பாக்கியம்.

காசு வாங்கவில்லை. ஒரு டீ மட்டும் குடித்தார். அவர் விட்டுவிட்டுப் போன இடம், விருத்தாசலத்தில் ஷாஜகான் பாய் பட்டறை. பாய் பத்து வருடம் சவுதியில் டீசல் வண்டி பார்த்தவர்.

மத்தியானத்துக்குள் எஞ்சின் மேல் மூடியாக உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி டீசலில் கழுவினார். துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு வால்வுக்கு நடுவே, வெள்ளைத் தூளில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. விரிசலுக்குள் போன டீசல் கசிந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஹெட்டு போச்சுங்க பெரியவரே" என்றார் பாய். திருச்சிக்கும் சேலத்துக்கும் போன் போட்டார். இந்த மாடலுக்குப் புது ஹெட்டு வருவதே நின்றுபோய்விட்டது, பழைய இரும்புக் கடையிலும் இல்லை. ஹெட்டு இல்லையென்றால் வேன் இல்லை. வேன் இல்லையென்றால் பாக்கியம் இனி பார்க்கப்போவது வீட்டு விட்டம்தான். வெடித்த குழாய்மேல் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டலாம் என்றாள் அவள். அந்தச் சாமியிடம் இந்தப் பக்கத்து ஜனங்கள் தங்கள் வழக்கைச் சீட்டில் எழுதிக் கட்டுவார்கள். சிரிக்கத்தான் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாய் ஹெட்டைத் திருப்பிப் பார்த்தார். "வார்ப்பிரும்பைச் சும்மா பத்தவச்சா ஒட்டும், ஆறும்போது பக்கத்துல விரிசல் வுட்டுக்கும். மொத்த ஹெட்டையும் மெதுவாப் பழுக்கக் காய்ச்சி, பத்தவச்சு, மெதுவா ஆறவிடணும். அதுக்கு இந்த ஊருலதான் சூளை இருக்குதே, வாங்க."

அடுத்த தெருவில் செல்வி என்ற அம்மாவின் பீங்கான் பொம்மைப் பட்டறை. அவரிடம், வண்ணம் பூசிய பொம்மைகளைச் சுடுவதற்கென்று ஒரு சின்ன கேஸ் சூளை உண்டு. பெரிய சூளையைப்போல் இரும்பை உருக்கிவிடும் சூடு அதில் வராது. பாய் கையில் இருந்ததைப் பார்த்ததுமே அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பாய், போன வருஷம் இப்படித்தான் ஒரு இரும்பைக் கொண்டாந்தீங்க. எண்ணெய்ப் புகையில என் மாப்பிள்ளை பொம்மை அத்தனைக்கும் மூஞ்சி கருத்துப் போச்சு."

"கருத்த மாப்பிள்ளைக்கும் பொண்ணு கெடைச்சுது இல்ல? அத்தனையும் வித்துட்டீங்களே!"

செல்வி சிரித்தாலும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் சுட வேண்டிய பொம்மைகள் பலகையில் வரிசையாக நின்றன. பிறகு பாய் பட்டறைப் பக்கம் வந்து வேனுக்குள் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், பாக்கியத்தின் காலைப் பார்த்தார். "பொம்மைங்க ரெண்டு நாள் நிக்கும். நிக்கிறதுதானே அதுங்க வேலை. எண்ணெய் ஒரு சொட்டு இல்லாம கழுவிக் கொண்டாங்க" என்றார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். சூளையில் யார் சரக்கு வேகிறதோ, அவர்கள் கையால் களிமண் பிள்ளையார் பிடித்துச் சூளைத் தலையில் வைத்த பிறகுதான் தீ மூட்டுவார்கள். வெள்ளிக்கிழமை விடியும்போது பாக்கியத்தை, காலை நீட்டவைத்து, நாற்காலியோடு தூக்கிப்போய் சூளைமுன் வைத்தோம். தும்பிக்கை கோணலாக ஒரு பிள்ளையார் பிடித்தாள். உள்ளே வைத்திருந்த ஹெட்டைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள். கதவை மூடிச் சின்னத் தீயாக வைத்தார்கள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.

பாய் முகம் செத்துப்போயிற்று. நான் கதவுப்பக்கம் போனேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க. இப்பத் தெறந்தா காத்து பட்டு, இல்லாத விரிசலும் வரும். பழுக்கட்டும்."

பதினோரு மணி வரைக்கும் காத்திருந்தோம். பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் போல்ட்டுகளைக் கழற்ற எந்த நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

கதவைத் திறந்தார்கள். பழுத்த மிளகாய் நிறத்தில் ஹெட்டு முழுசாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் மண் சில்லு.

"இது என்னாது? யாரு உள்ள மண்ணு வச்சது?" என்றார் செல்வி.

"தலைக்கு மேல ஒருத்தர் இருக்காரு, உள்ள துணைக்கு ஒருத்தர் வேணாமான்னு..." என்று இழுத்தாள் பாக்கியம். கும்பிடுகிற சாக்கில் இன்னொரு பிள்ளையாரை உள்ளே நகர்த்தியிருக்கிறாள்.

"அம்மா, பச்ச மண்ணு நெருப்புல வெடிக்கும்மா! எங்க உசுரே போச்சு!" என்றார் செல்வி.

"வெடிக்கட்டும். நம்ம வண்டிக்கு வந்த விரிசலை அவரு வாங்கிக்கிட்டாரு."

பாய் சிரித்துக்கொண்டே பற்றவைக்க உட்கார்ந்தார். சூடு இறங்குமுன் வார்ப்பிரும்புக் கம்பியை உருக்கி விரிசலை அடைத்து, ஹெட்டைத் திரும்பவும் சூளைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஜும்மா தொழுகைக்கு ஓடினார்.

பிறகு காத்திருப்புதான். சுடாமல் உள்ளங்கையைக் கதவில் வைக்க முடிந்தால்தான் திறப்பது என்பது செல்வியின் கணக்கு. செல்வி வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. சனிக்கிழமை காலையில் நான் பொறுக்காமல் கதவைத் தடவிக்கொண்டிருந்தேன். "பிள்ளையாரு அவசரப்பட்டுச் சூடேறித்தான் வெடிச்சாரு. நீங்க சும்மா உட்காருங்க" என்றாள் பாக்கியம்.

மத்தியானம் திறந்தோம். மறுபடி டீசல், மறுபடி சாக்பீஸ் தூள். எவ்வளவு நேரம் பார்த்தும் கோடு வரவில்லை. லேத்தில் அடிமுகத்தைச் சமப்படுத்தி, புதுக் கேஸ்கெட்டும் புதுக் குழாய்களும் போட்டு, இருட்டும் நேரத்தில் பாய் சாவி திருப்பினார். ரேடியேட்டருக்குள் தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது.

பாய்க்கும் லேத்துக்கும் சாமானுக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூறு. செல்வி கேஸ் செலவுக்கு மட்டும் எண்ணூறு வாங்கிக்கொண்டார். "போயிட்டு வரோம்" என்றதற்கு, "வாங்க, ஆனா மண்ணு இல்லாம வாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பரங்கிப்பேட்டை. தங்கைக்காரி வேனுக்குள்ளேயே ஏறி, அந்தக் கட்டிலில் அக்காள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். சாப்பிடக்கூட இருவரும் இறங்கவில்லை.

கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய வண்டியில் ரப்பர் குழாய் நல்லாத்தான் இருக்கிறது என்று விட்டுவைக்காதீர்கள். சூடு முள்ளைச் சரிசெய்த பிறகே சாவி போடுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட்டு விரிசல் விட்டுவிட்டால், எப்படிப் பற்றவைப்பீர்கள் என்று கேட்பதைவிட, எப்படி ஆறவைப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிற்கிற மனிதர்களை நம்புங்கள். எங்களை அவர்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

வெடித்த பிள்ளையாரின் தொப்பைச் சில்லு ஒன்றைப் பாக்கியம் எடுத்து வந்து, டேஷ்போர்டில் முள்ளுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னாள். முள் இப்போது சரியாக வேலை செய்கிறது. ஆனாலும் மேடு ஏறும்போது கட்டிலிலிருந்து குரல் வரும்: "ஏங்க, தொப்பையைத் தொட்டுப் பாருங்க. சுடுதா?"