சங்கிலிபூதத்தான் சொன்ன ஒரே உண்மை

தச்சநல்லூரில் தண்ணீர் லாரி வைத்திருக்கும் சங்கிலிபூதத்தான் வாயைத் திறந்தால் பொய். ஒரு லோடு வேண்டுமென்று போன் பண்ணினால், லாரிக்கு டயர்கூட மாட்டியிருக்காது, "தெருமுனைக்கு வந்துட்டேன் அண்ணாச்சி" என்பான். அந்த வாயிலிருந்தும் தப்பித்தவறி ஓர் உண்மை வந்துவிட்டது. அதை அவனே நம்பாததுதான் வினை.

அவன் தண்ணீர் எடுக்கிற ஆழ்துளைப் போருக்குப் பக்கத்திலேயே குளம். குளம் வேகமாக வற்றுகிறது, இவன் போர்தான் உறிஞ்சுகிறது என்று குளத்தங்கரைக் கிணற்றுக்காரர் கருத்தையா அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துவிட்டார்.

"பாறைக்கு அடியில இருந்துலா எடுக்கேன். குளத்துத் தண்ணி ஒரு சொட்டு வந்திருந்தா என் நாக்கு அழுகிப் போவட்டும் வே" என்று சங்கிலி நடுத்தெருவில் நின்று சத்தியம் பண்ணினான். சத்தியம் அவனுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி.

சோதிக்க அவர்கள் அனுப்பியவள் ஆராய்ச்சி மாணவி நித்யா. தண்ணீர் பிடிக்கப் பாட்டிலை எடுத்தபடியே சோதனையை இவனுக்கு விளக்கினாள்.

"குளத்துல வெயில் அடிச்சா லேசான தண்ணி முதல்ல ஆவியாப் போயிரும் அண்ணாச்சி. கனமானது தங்கிரும். அது மண்ணுக்குள்ள இறங்கி எங்கன போனாலும் அந்த அடையாளம் போவாது."

குளத்துத் தண்ணீர் என்று முடிவு வந்தால் போருக்குச் சீல். பிழைப்பு அத்தோடு போச்சு.

"வெயில்ல நிக்காதீங்க தாயி. உள்ள போயி ஒரு வாய் காப்பி குடிங்க, நான் பிடிச்சு வைக்கேன்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டான். தான் விற்கிற தண்ணீரை அந்த மகராசன் ஒருநாளும் குடித்ததில்லை. அவனுக்குக் கேன் தண்ணீர்தான். மோட்டார் அறையில் இருந்த கேனைச் சாய்த்து, அவள் சொல்லியிருந்தபடி ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் பாட்டிலை நிரப்பிப் பவ்யமாகக் கொடுத்தான்.

முடிவு வந்தது. அசல் குளத்துத் தண்ணீர். போருக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

லாரி வாசலில் சும்மா நின்றது. இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவன், மூன்றாம் நாள் நித்யாவிடம் போய் நின்றான். "தாயி, அது போர்த் தண்ணியே இல்ல. கேன் தண்ணி." அங்கிருந்த அதிகாரிகள் சிரித்தார்கள். அவன் அழுததைக்கூட ஒருவரும் நம்பவில்லை. நித்யாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் சீலைத் திறக்கச் சொல்லி, மோட்டாரை நெடுநேரம் ஓடவிட்டு, இந்தத் தடவை தானே தண்ணீர் பிடித்தாள். கேனிலும் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டாள்.

போரில் குளத்தின் அடையாளம் துளியும் இல்லை. கேனில்தான் இருந்தது. கேன் கம்பெனிக்குத் தண்ணீர் போனது யார் கிணற்றிலிருந்து என்று விசாரித்தால், மனுக் கொடுத்த அதே கருத்தையாவின் கிணறு. சீல் அங்கே இடம் மாறியது.

சங்கிலியின் மனைவி முத்துராணி வீட்டிலிருந்த கேனைத் தெருவில் கவிழ்த்தாள். போர்த் தண்ணீரைச் செம்பில் மொண்டு வந்து நீட்டினாள்.

"நீங்க சொன்னது நெசந்தான்னு சர்க்காரே சொல்லிட்டு. குடிங்க."

ஊருக்கெல்லாம் லாரி லாரியாக ஊற்றியவன், செம்பை வாங்கி மோந்து பார்த்தான்.

"கொதிக்க வச்சியாட்டி?" என்றான்.