குளிர்முகப்பு பார்த்து வைத்த கல்யாணம்

தொலைக்காட்சியில் மாலைச் செய்தி முடிந்து வானிலை சொல்லும் அந்த மூன்று நிமிடமும் பத்மநாதன் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. தேத்தண்ணிக் கோப்பையைக் கூடச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். சின்ன வயதில் பூசை நேரத்தில் கதைத்ததற்காக அடி வாங்கியவர் அவர். அடியை மறக்கவில்லை, பூசையைத்தான் மாற்றிக்கொண்டேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் புவியியல் படிப்பித்தவர், லண்டனில் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தபின் பெற்றோல் நிலையம் ஒன்றில் காசாளர். பெற்றோல் அடிக்க வந்தவர்களுக்கு மிச்சக் காசோடு நாளைய மழையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவார். அதை ஒருவரும் கேட்டதில்லை. பத்திரிகையில் வரும் வானிலைப் படங்களை வெட்டிக் கோப்பில் ஒட்டுவார். பழைய சாமான் விற்பனையில் வாங்கிய காற்றழுத்தமானி ஒன்று கூடத்துச் சுவரில் தொங்கியது. காலையில் எழுந்ததும் அதன் முன்னால் நின்று இரண்டு தட்டுத் தட்டுவார். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் சாமிப்படம் இருக்கும்.

பஞ்சாங்கத்தைக் கண்டால் மட்டும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தக் கிரகம் எங்கே நின்றால் எந்தப் பெண் மூலையில் நிற்கவேண்டும் என்று எவனோ எழுதி வைத்ததை, உயிர் தப்பி ஓடிவந்த சனமும் பெட்டிக்குள் மடித்துக்கொண்டு வந்ததே என்று கொதிப்பார்.

அந்தக் கொதிப்புக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தங்கை தவநாயகி, ஷெல் விழுந்து புருஷனைப் பறிகொடுத்து, மகள் வசந்தமலரோடு அண்ணனிடம் வந்து சேர்ந்தவள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டும் நேரத்தில் ஒருவரும் சொல்லாமலே சமையல் நடக்கும் குசினிப் பக்கம் ஒதுங்கிவிடுவாள்.

தொண்ணூற்றொன்றில் வசந்தமலருக்கும் பாலேந்திராவுக்கும் கல்யாணம் சரிவந்தது. பெண் கேட்டது ஒன்றே ஒன்று. தாலித் தட்டை அம்மாதான் முன்னால் நின்று ஏந்திக் கொடுக்க வேண்டும். விதவையின் கையால் வேண்டாம் என்றார் ஐயர். அப்படியென்றால் ஐயரே வேண்டாம் என்றாள் வசந்தமலர். பத்மநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதிவுத் திருமணம் முடித்துக்கொண்டு, தன் வீட்டுப் பின்வளவில் திறந்த வெளியில் தாலி கட்டுவது என்று முடிவு செய்தார். அயலார் பொலிசுக்குச் சொல்வார்கள் என்று மேளத்தையும் விட்டாயிற்று.

மாப்பிள்ளையின் தாய் கனகாம்பிகை அரைமனதோடு ஒத்துக்கொண்டாள். மேளமும் இல்லாத கல்யாணமா என்று நாலு தரம் குறைப்பட்டாள். கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஐயர் இல்லாமல் நடக்கட்டும். ஆனா ஒரு அபசகுனம் கண்டனெண்டால், அடுத்த கிழமையே கோயிலில வைச்சு முறைப்படி திருப்பிக் கட்டுவிப்பன்."

கோயிலில் முறைப்படி என்றால் தவநாயகி எங்கே நிற்பாள் என்பது எல்லாருக்கும் தெரியும். நாள் குறிக்கும் பொறுப்பைப் பத்மநாதன் ஏற்றார். யூலையில் ஒரு சனிக்கிழமை. வேண்டுமென்றே காலை ராகுகாலத்தில் வைப்போம் என்று அடம்பிடித்தவரை, அம்மாவுக்காகப் பொறுங்கோ மாமா என்று மருமகள்தான் அடக்கினாள்.

அந்தக் கிழமை லண்டன் வெந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை கனகாம்பிகை வந்திருந்த நேரம் வானிலை அறிக்கை தொடங்கியது. படத்தில் மேற்கே, நீலப் பற்கள் முளைத்த கோடொன்று தெரிந்தது. பத்மநாதனால் அடக்க முடியவில்லை. இதுதான் குளிர்முகப்பு, குளிர்காற்று வெக்கைக் காற்றை முட்டித் தள்ளும் இடம், இது வந்தால் இடிமழை, பிறகு வெக்கை விட்டுவிடும் என்று சம்மந்தியம்மாவுக்கு வகுப்பு எடுத்தார். அந்த வீட்டின் சட்டத்தை அன்று மீறியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு பத்திரிகைப் படத்தில் அடிமட்டம் வைத்துத் தூரம் அளந்து கணக்குப் போட்டார். முகப்பு நாளை மாலை ஐந்து மணிக்குத் தங்கள் பகுதியான ஹரோவைத் தாண்டும்.

"அப்ப ரெண்டிலயிருந்து நாலு வரைக்கும் நல்ல நேரம் எண்டுறியள்," என்றாள் கனகாம்பிகை.

"நல்ல நேரமில்லை. காய்ஞ்ச நேரம்," என்றார் அவர், விறைப்பாக.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போதே தாலியைக் கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பத்மநாதன் பேச எழும்பினார். ஐந்து நிமிடம் என்று தொடங்கியது நாற்பது நிமிடமானது. நேரகாலத்தில் ஒன்றுமில்லை என்பதை விளக்க அவருக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால், கூரைகளுக்கு மேலே, பூக்கோவாக் காய் மாதிரிக் குமிழ்குமிழாக ஒரு முகில் திரண்டு கறுத்ததை எல்லாரும் கண்டார்கள், அவரைத் தவிர.

தவநாயகி தட்டை ஏந்தி முன்னால் வந்தாள். பாலேந்திரா தாலியை எடுத்தான். வளவே அதிர ஓர் இடி இடித்தது.

தட்டிலிருந்த அரிசி சிந்தியது. தவநாயகி ஓரடி பின்வாங்கினாள். இத்தனை வருடப் பழக்கம் அவள் காலைப் பிடித்து இழுத்தது. கனகாம்பிகையின் முகம் இருண்டது. பின்வரிசையில் யாரோ, பார்த்தீங்களே என்றார்கள்.

பத்மநாதன் துள்ளி எழும்பினார். இது சகுனமில்லை, முகப்புக்கு முன்னாலேயே வெக்கைக் காற்றில் தனித்தனியாக இடிமுகில் கிளம்புவதுண்டு என்று தொடங்கினார். சொல்லும்போதே உறைத்தது. நேற்று அறிக்கையில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்தான் கதைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தவநாயகி நின்றாள். பின்வைத்த காலை முன்னால் எடுத்து வைத்தாள்.

"சம்மந்தி, மேளம் இல்லையெண்டு குறைப்பட்டனீங்கள். இந்தா, கெட்டிமேளம் அடிச்சாச்சு. மேல அடிக்கிறவங்கள் நிப்பாட்ட முன்னம் கெதியாக் கட்டச் சொல்லுங்கோ."

யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். கனகாம்பிகை வானத்தைப் பார்த்தாள், தவநாயகியைப் பார்த்தாள், பிறகு பத்மநாதனிடம் திரும்பினாள்.

"அண்ணை, இதுவும் நீங்கள் சொல்லி வைச்சதோ?"

முப்பது வருடமாக இப்படிப்பட்ட கதைகளைக் கண்ட இடத்தில் வெட்டியவர். மறுப்பு நாக்கின் நுனியில் வந்து நின்றது. தங்கை தட்டை இறக்காமல் முன்னாலேயே நிற்பதைக் கண்டார்.

"ஓம்," என்று தலையாட்டினார்.

மூன்று முடிச்சும் விழுந்தது. மழை அதற்கு மேல் பொறுக்கவில்லை. வந்திருந்த எல்லாரும் சிரித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினார்கள். கடைசியாக, அவசரமே இல்லாமல் ஆறுதலாக நடந்து வந்தவள் தவநாயகி.

கோயிலில் திருப்பிக் கட்டும் பேச்சு எழவேயில்லை. இரண்டு மாதம் கழித்து கனகாம்பிகையின் தொலைபேசி வந்தது. "அண்ணை, என்ர சின்னவளுக்கும் கல்யாணம் சரிவந்திட்டுது. நீங்கள்தான் நாள் பார்த்துச் சொல்லவேணும். தட்டுப் பிடிக்கத் தவநாயகி வரவேணும்."

நான் நாள் பார்க்கிறவனில்லை என்று சொல்ல வாயெடுத்தார். எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கை கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். தான் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள், அவள் எங்கே நிற்பாள் என்பதற்கு அடிமட்டம் வைத்துக் கணக்குப் போடத் தேவையில்லை.

எட்டிக் காற்றழுத்தமானியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"சனியோ, ஞாயிறோ?" என்று கேட்டார்.