சீப்பு ஏந்திய வீராங்கனை

வண்ணார்பேட்டையில் பழைய பொம்மைகள் விற்கும் கடைக்காரர் அவர். நெற்றி நிறையத் திருநீறு, குழைந்த பேச்சு. நான் மகளோடு நுழைந்தபோது, பழைய கார்ட்டூன் சண்டைத் தொடர் ஒன்றின் வீராங்கனை பொம்மையிடமிருந்து வாளை உருவிவிட்டுச் சீப்பைச் செருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அது அவ வாளுல்லா?" என்றேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு வாள் எதுக்கு தம்பி? சீப்பு இருந்தாத்தான் வாங்குதாவ."

அவருக்குப் பின்னால் ஆண் பொம்மைகள் இரண்டு கையிலும் வாளோடு நின்றன.

மகள் அந்த வீராங்கனையைக் கையில் வாங்கினாள். வாள் பிடிப்பதற்கென்றே வார்த்த விரல்களில் நிற்காமல் சீப்பு நழுவி விழுந்தது.

"அவளுக்குச் சீப்பு வேண்டாமாம்" என்றாள் மகள்.

அவர் சிரித்தபடி பசையை எடுத்துச் சீப்பைக் கையோடு ஒட்டி, காயும்வரை அழுத்திப் பிடித்திருந்தார்.

"இனி விழாது, தாயி."

அந்தக் கனிவுதான் எனக்கு இன்றும் குமட்டுகிறது.