குப்பைத்தொட்டி இல்லாத பேக்கரி

போன வாரம் என் மருமகன் ஒரு ரஸ்க் பாக்கெட் வாங்கி வந்தார். விற்காமல் மீந்த பிரட்டிலிருந்து செய்தது என்று அட்டையில் பெருமையாக அச்சிட்டிருந்தது. பக்கத்தில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் பச்சை அம்புகள். கம்பெனிகளுக்குக் கழிவைக் குறைக்க வழி சொல்லித் தருவதுதான் அவர் உத்தியோகம். அதற்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயராம். ஒருவனுடைய மிச்சம் இன்னொருவனுக்கு மூலப்பொருள் என்று விளக்கிவிட்டு, "இதெல்லாம் நம்ம ஊர்ல இப்பதான் மாமா வருது" என்றார். நான் ரஸ்க்கைக் காபியில் தோய்த்தேன். ஏலக்காயோடு லேசாகத் தீய்ந்த ஒரு வாசனை எழுந்தது. அவ்வளவுதான், மல்லேஸ்வரத்து வீட்டுக்கூடம் நழுவிப் போய், இதே பெங்களூரின் இன்னொரு மூலையில் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன் வந்துவிட்டது. "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த அரசாங்கத் தொழிற்சாலை எங்களில் பாதிப் பேரை விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு எங்களுடையது. எம்.காம். படித்தவன் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்து குழம்பில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தால் மனைவிக்குப் பொறுக்குமா? அவள் சொல்லித்தான் ஞானம் சாரைப் போய்ப் பார்த்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் அப்பா காலத்துப் பேக்கரி ஒன்று இருந்தது. விறகு அடுப்பு, முன்பக்கம் கண்ணாடி அலமாரி, பின்பக்கம் ஒரு சந்து. என்னை மேனேஜர் ஆக்கினார். தொழிற்சாலையில் நான் பார்த்தது கழிவுப் பொருள் பிரிவு. கால் உடைந்த ஒரு நாற்காலியை வெளியே தள்ள மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டிய இடம். அந்த அனுபவத்தை நான் ஒரு பெரிய தகுதியாக நினைத்திருந்தேன்.

முதல் நாள் வாழைப்பழம் தின்றுவிட்டு, தோலைப் போடக் குப்பைத்தொட்டி எங்கே என்று கேட்டேன். அடுப்பு பார்க்கும் ரஹீம் பாய் கொஞ்சம் யோசித்தார். "அது எதுக்கு சார்? இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய்ச் சந்தில் கட்டியிருந்த ஆட்டுக்குக் கொடுத்தார். அந்தப் பேக்கரியில் குப்பைத்தொட்டி என்ற ஒன்று இல்லை. அதை ஒரு குறையாகத்தான் அன்று மனதில் குறித்துக்கொண்டேன்.

எது எங்கே போயிற்று என்று இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. நேற்றைய பன்னை உதிர்த்துத் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்து மாவுக்குள் வைத்துச் சுட்டால் இன்றைய தில்பசந்த். மீந்த பிரட் கொஞ்சம் ரஸ்க். முட்டை ஓடு எதிர்வீட்டு ரோஜாச் செடிகளுக்கு. மைதா சாக்கு தலையணை உறை தைப்பவருக்கு. டால்டா டின் தகரக்காரரிடம் போய் மூடியும் முறமுமாக அதே தெருவுக்குத் திரும்பி வரும். தில்பசந்த் பற்றி ஒரு வார்த்தை: அதன் பூர்வீகம் தெரிந்த பிறகும் நான் அதை விடவில்லை. என் மனைவி என் வயிற்றைப் பார்த்து, பேக்கரியின் மிச்சமெல்லாம் எங்கே சேர்கிறது என்று தனக்குத் தெரியும் என்பாள்.

இதிலெல்லாம் சேராத மிச்சம் ஒன்று இருந்தது. பிரட் முனைகள், அடி தீய்ந்த பன்கள், உடைந்தவை. சாயங்காலம் ஏழு மணிக்குப் பக்கத்து ஜீவனஹள்ளியிலிருந்து சரோஜா என்ற பெண் பின்வாசலுக்கு வருவாள். கையில் ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடை. முப்பது வயதிருக்கும், வாய் சும்மா இருக்காது. பாயிடம், "என்னா பாய், இன்னைக்கு ரொம்ப நல்லா சுட்டுட்டீங்களா? எங்களுக்கு ஒண்ணுமே தீயலையே" என்பாள். அடுப்புச் சாம்பலை எடுத்துத் தட்டுகளைத் தேய்ப்பாள், சந்தைப் பெருக்குவாள், பிறகு கூடையை நிரப்பிக்கொண்டு போவாள். அவள் தெருவில் அன்று அடுப்பு மூட்டாத வீடுகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு, மீதியை விடிகாலையில் வெங்காயம் மிளகாய் போட்டுத் தாளித்து, தெருக் கூட்டுபவர்களுக்கு இலையில் வைத்து விற்பாள். அவளும் அவள் பெண்ணும் அதில்தான் சாப்பிட்டார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கடை அப்போது சரியாகப் போகவில்லை. பளபளப்பான உறையில் கம்பெனி பிரட் எல்லாப் பெட்டிக்கடைக்கும் வேனில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் வாடிக்கைக்காரர் ஒருவர் சந்து வழியாக வந்தவர், முன்னால் காசு கொடுத்து வாங்குவதைப் பின்னால் சும்மா கொடுக்கிறீர்களே என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஞானம் சாரிடம் போய் ஒரு மணி நேரம் பேசினேன். கழிவு என்பது கசிவு, கசிவை அடைத்தால் கடை நிற்கும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என்னவோ செய்யுங்க. கடை நிக்கணும், அவ்ளோதான்" என்றார்.

செய்தேன். முனைகளை எல்லாம் காயவைத்துப் பொடித்து, கட்லெட் போடும் ஹோட்டல்களுக்கு விற்றேன். ரஸ்க்கை இரண்டு மடங்காக்கினேன். சாக்கு, டின், எல்லாவற்றையும் ஒரே பழைய பொருள் காண்டிராக்டருக்குப் பேசி முடித்தேன். ஒன்றும் வீணாகவில்லை என்று எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். கரியாகத் தீய்ந்ததும் நனைந்ததும் மட்டும் எஞ்சியது. அதற்காக மூடி போட்ட ஒரு குப்பைத்தொட்டி வாங்கினேன். அந்தப் பேக்கரிக்கு நான் வாங்கிய முதல் பொருள் அதுதான். சாம்பல் போட்டுத் தேய்த்த சரோஜாவும் நின்றுவிட்டதால், அடுத்து வாங்கியது தட்டு தேய்க்கும் பவுடர்.

சரோஜா சண்டை போடவில்லை. இரண்டொரு நாள் வந்து பாயிடம் பேசிவிட்டுப் போனாள். அப்புறம் என்னிடமே வந்து, தொட்டியில் போடுவதை மட்டுமாவது எடுத்துக்கொள்கிறேன், கரியைச் சுரண்டிவிட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்றாள். கெட்டுப்போனதைத் தின்று யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் கடைக்குக் கெட்ட பேர் என்று நான் சொன்னேன். மறுநாள் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாள் நான் ஒரு பினாயில் பாட்டிலோடு வந்தேன்.

பாயிடம் நீட்டினேன். "வேணா சார். ரொட்டி மேல இத ஊத்த எனக்குக் கை வராது" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம். நானே ஊற்றினேன். கருகின பன்களின் மேல் அது வெள்ளையாகப் பரவியது. தலை நிமிர்ந்தபோது சரோஜா கூடையோடு சந்தில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"கெட்டுப் போச்சின்னு சொல்லித்தானே தரமாட்டேன்னீங்க?" என்று கேட்டாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள். "இப்பதான் சார் கெட்டுது."

திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு வரவில்லை. பாய் என்னிடம் மாவு, விறகு தவிர வேறு எதுவும் பேசவில்லை. நான் பினாயிலை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் பலவீனம் அல்ல அது. கடை இருந்தவரை தினமும் சாயங்காலம் என் கையாலேயே ஊற்றினேன். சில மாதம் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு பழையபடி இழுபறிதான். இரண்டாயிரத்துக்குப் பின் நிலத்தின் விலை ஏறியது. ஞானம் சாரின் பிள்ளைகள் இடத்தை விற்றார்கள். நான் கடையைக் காப்பாற்றவும் இல்லை, அதை மூடியது சரோஜாவின் கூடையும் அல்ல.

அதற்கும் சில வருடம் கழித்து, மனைவி போன பிறகு, எனக்குத் தூக்கம் குறைந்தது. ஒரு நாள் ஜீவனஹள்ளிக்குப் போனேன். டீக்கடையில் சரோஜா வீடு எது என்று கேட்டதும், என்னைவிட வெகு இளையவர் ஒருவர் உற்றுப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சரோஜாக்கா, பினாயில் சார் வந்துக்கறாரு பாரு."

அந்தத் தெருவில் இத்தனை வருடமாக எனக்கு ஒரு பேர் இருந்திருக்கிறது.

சரோஜா வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. ஒரு அபார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்கிறாள், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி ஓசூரில் இருக்கிறாள். எனக்கு நாற்காலி போட்டு, "டீல சக்கரை ஸ்வல்ப, கொஞ்சமா போட்டுத் தரவா, சுகர் இருக்குதா?" என்று கேட்டாள். நான் வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். நான் செய்தது தப்பு, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"உங்க கடையில குடுக்கறத நான் தனியா என்னைக்கு சார் தின்னேன்? தெருவுக்கே பிரிச்சுத்தானே குடுப்பேன்" என்றாள். "தெனம் வாங்கற தாத்தா ஒருத்தரு, அவரு போயிட்டாரு. கோடி வீட்டுல அஞ்சு புள்ளைங்க இருந்துது, காலி பண்ணிக்கினு எங்கயோ போயிட்டாங்க. மன்னிப்பக் கொண்டாந்துக்கறீங்க, இத நான் யாருக்குன்னு குடுக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆள் தேடுகிற முகம். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். தெருமுனை வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பழைய பேக்கரி வழியாக வந்தேன். அங்கே இப்போது ஐந்து மாடி. சந்து இருந்த இடம் மதில் சுவருக்குள் போய்விட்டது. கீழே ஒரு கேக் கடை, ஜில்லென்று கண்ணாடிக் கதவு. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். சீருடைப் பையன்கள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அந்தக் கடையில் அன்று எவ்வளவு மீந்தது, எங்கே போகப்போகிறது, எனக்குத் தெரியாது. கேட்க யாரும் வரவில்லை. வந்தாலும், வந்து நிற்க அங்கே ஒரு பின்வாசல் இல்லை.