கத்திரி மேடத்துக்கு வந்த கடிதம்

இதழியல் வகுப்பில் மேடத்துக்குப் பட்டப்பெயர் கத்திரி. பத்திரிகையிலும் வானொலியிலும் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். மாணவர்கள் நீட்டி முழக்கினால் ஈவிரக்கமில்லாமல் வெட்டுவார். ஒரே செய்தியைப் பத்திரிகைக்கு, வானொலிக்கு, டிவிக்கு, செல்போனுக்கு என்று நான்கு விதமாக எழுத வேண்டும். வானொலிக்கு எழுதியதை மட்டும் அவர் திருத்த மாட்டார். கேன்டீன் அக்கா பாத்திரம் துலக்கும்போது போய்ப் படித்துக் காட்ட வேண்டும். அக்கா ஒரு தடவை “என்னது?” என்று கேட்டால் போச்சு, திரும்ப எழுது.

அந்தத் திங்கட்கிழமை மேடத்துக்கே கல்லூரி முதல்வரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம். “நிர்வாகச் சூழலைக் கருத்தில் கொண்டு” என்று தொடங்கி, ஊரெல்லாம் சுற்றி, கடைசி வரியில்தான் விஷயம்: மாதக் கடைசியோடு வேலை இல்லை. மேடத்தின் புருஷன் இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்க, வீடு இவர் ஒருவரை நம்பித்தான் ஓடுகிறது. அழுகை வந்தது. கூடவே எரிச்சல்: முக்கியமானதைக் கடைசியிலா வைப்பான் மனுஷன்?

கடிதத்தை அப்படியே வகுப்பில் மேசைமேல் போட்டார்.

“இதான் இன்னைக்குப் பயிற்சி. யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்க வேணாம். எழுதுங்க.”

செல்போனுக்கு எழுதியவன் நீட்டினான்: “கத்திரி மேடத்துக்கு வேலை போச்சு.”

“பட்டப்பெயர எடுடா எருமை,” என்று அதையும் வெட்டினார்.

வானொலிக்கு எழுதியதை முன்பெஞ்சுக்காரி கேன்டீனில் படித்தாள். அக்கா “என்னது?” என்று கேட்கவே இல்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“ஏன்?”

முன்பெஞ்சுக்காரி கையோடு கொண்டுவந்திருந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கத்திலும் காரணம் என்று ஒன்றுமே இல்லை.

“காரணம் இல்லாம என்னடி செய்தி? போய்க் கேட்டுட்டு வா!” அக்கா விரட்டினார்.

வகுப்பே மைக்கோடு முதல்வர் அறைக்குள் புகுந்தது.

“சார், ஒரே ஒரு காரணம். வானொலிக்கு. பத்து விநாடிதான்.”

முதல்வர் தொண்டையைச் செருமினார். “அதாவது... நிர்வாகச் சூழல்...”

“பத்து விநாடி ஆச்சு சார். இன்னொரு டேக் போலாமா?”

நான்கு டேக் போனார்கள். நான்காவதில் மனுஷருக்கு வேர்த்துக் கொட்டியது. “இருங்கப்பா, நான் மறுபடி பாக்கிறேன்,” என்றார்.

மறுநாள் புதுக் கடிதம் வந்தது. ஒரே வரிதான். மேடம் அதை எடுத்துக்கொண்டு நேராகக் கேன்டீனுக்குப் போனார். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“தாங்கள் பணியில் தொடரலாம்,” என்று படிக்கும்போதே மேடத்தின் குரல் உடைந்துவிட்டது.

“என்னது?” என்றார் அக்கா. “ஒண்ணும் புரியல. திரும்பப் படிங்க.”