நாற்காலி பஸ்ஸுக்கு ஒரு டெஸ்ட்

டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு டெஸ்ட் வைக்கும் அதிகாரி அவர். மைதானத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'முப்பது நாள்'. ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பில் லேசாக உரசினாலும் சரி, கண்ணாடி பார்க்க ஒரு தரம் மறந்தாலும் சரி, பேனாவை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்: "பெயில். முப்பது நாள் கழிச்சு வா." அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நேர்மையான மனுஷன்தான், யார் இல்லையென்றது? இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆனால் அந்த நேர்மையோடு ஒரே வீட்டில் குடியிருந்து பாருங்கள், தெரியும்.

அப்படிக் குடியிருந்தவர்கள் மனைவியும் ஆறு வயது மகளும். மகள் யானை வரைந்து காட்டினால் நகங்களை எண்ணிப் பார்த்துக் குறை சொல்வார். கண்ணாமூச்சி ஆடினால், அவள் எண்ணியதில் பதினாலு விட்டுப்போனது என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ண வைப்பார். போகப் போக அவள் அப்பாவை விளையாடக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஆத்திரம் வருவதே அதற்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி வெடித்துவிட்டாள். அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி வீசினாள்.

"ஊர்ல இருக்கிறவன் பக்கத்துல எல்லாம் நாள் பூரா உக்காருறீங்க. பெத்த பொண்ணு பக்கத்துல அரை மணி நேரம் உக்கார முடியாதா? இன்னிக்கும் அவளை அழ வெச்சீங்கன்னா, இனிமே அவ உங்ககிட்ட வரவே மாட்டா. நானும் அனுப்ப மாட்டேன்."

ஹாலில் மகள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். அவர் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அதுவே பெரிய காரியம். மூன்றாவது நிமிஷம், "திரும்பும்போது சிக்னல் போடலையே நீ?" என்றார்.

மகள் அழவில்லை. அம்மாவின் முறைப்பு அப்படியே அவள் முகத்தில் இறங்கியிருந்தது.

"அப்போ நீங்க ஓட்டுங்க. நான் டெஸ்ட் வெக்கிறேன்" என்று தட்டை நீட்டினாள்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. முன் நாற்காலிக்குத் தாவினார். இல்லாத பெல்ட்டை மாட்டினார், இல்லாத கண்ணாடியைத் திருப்பி வைத்தார், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார், கையால் சிக்னல் காட்டினார், கியர் போட்டார். "டுர்ர்ர்" என்று வாயால் சத்தம் வேறு. சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்து ஒரு பெருமைச் சிரிப்பு.

"பெயில்" என்றாள் மகள்.

அவருக்குச் சுருக்கென்றது. "எதுக்குப் பெயில்? என்ன தப்பு பண்ணேன்? சொல்லு!" என்று சத்தமே போட்டுவிட்டார்.

மகள் அலமாரியை ஒட்டி நின்றிருந்தாள். நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.

"ஸ்டாப்புல கை காட்டிட்டு நிக்கிறேன்ல? என்னை ஏத்தாமயே போயிட்டீங்க."

அவர் தட்டை மடியில் இறக்கி வைத்தார். மைதானத்தில் எத்தனையோ பேர் அவரிடம் கெஞ்சிய அதே குரலில் கேட்டார்: "இன்னொரு தடவை ஓட்டிக் காட்டட்டுமா, பாப்பா?"

ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிற ஆள் அவர். மகள் அதை எடுத்தாள், திறந்தாள், மூடினாள்.

"முப்பது நாள் கழிச்சு வாங்க. இப்போ எறங்குங்கப்பா, அம்மா ஏறணும்."