வீட்டைக் கொடுத்தேன், விளக்கைக் கொடுக்கவில்லை: மீட்டர் அனுமதிக்காகத் திண்டிவனம் வரை

இந்த வலைப்பூவில் இதுநாள் வரை திருத்தலங்களுக்குப் போய்வந்த கதைகளையே எழுதி வந்திருக்கிறேன். நடை சாத்தும் நேரம், பேருந்துக் கட்டணம், பிரசாதம் கிடைக்குமிடம் ஆகியவற்றைப் பிசகின்றிக் குறிப்பது என் வழக்கம் என்பதை நெடுநாள் வாசகர்கள் அறிவார்கள். இம்முறை நான் போனது மின்சார அலுவலகத்துக்கு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், போய்வர ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர், ஒரு பகல் பயணம். ஐப்பசியில் போனேன். என்ன கிழமை என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. காரணம் கடைசியில் வரும்.

நான் பத்திர எழுத்தனாகப் பிழைத்தவன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று எத்தனையோ குடும்பங்களின் சொத்துக்கு எல்லை எழுதியிருக்கிறேன். தந்தையார் எனக்கு வைத்துப்போன திண்டிவனம் வீட்டை, கணவரை இழந்து தனியே நின்ற என் தங்கை செங்கமலத்துக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்திரத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. பட்டா அவள் பெயருக்கு மாறியது, வீட்டுவரி மாறியது. மின் இணைப்பு மட்டும் என் பெயரிலும் என் கைப்பேசி எண்ணிலும் நின்றுபோனது. பணம் கட்டச் சொல்லி எனக்குக் குறுஞ்செய்தி வரும், அவளுக்கு அனுப்பிவைப்பேன், அவள் கட்டிவிடுவாள். இதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவள் தெருவில் ஸ்மார்ட் மீட்டர் வந்தது. அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதைத் தானே குறித்து அனுப்பும் கருவி. மாடியில் சூரியத்தகடு போட விரும்பிச் செங்கமலம் ஒரு தனியார் நிறுவனத்திடம் விசாரித்திருந்தாள். எத்தனை தகடு வேண்டும் என்று கணக்கிட மீட்டர் விவரத்தைப் பார்க்க வேண்டும் என்றும், அதற்கு அனுமதி கேட்கும் ஓடிபி எனக்கு வரும் என்றும் அந்நிறுவனத்தார் என்னை அழைத்துச் சொன்னார்கள். காலை வழிபாடு முடித்து நெற்றியில் நீறு உலராமல் இருந்த நேரம். நல்ல காரியந்தானே என்று ஆறு இலக்கத்தையும் சொல்லிவிட்டேன். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரு வாரம் கழித்து அந்நிறுவனத்துப் பணியாளர் ஒருவர் மாடியை அளக்க அவள் வாசலில் வந்து நின்றிருக்கிறார். நல்ல பிள்ளைதான், மரியாதையாகவே பேசியிருக்கிறார்.

"நேத்தே வந்திருப்பேம்மா. அந்தக் கெழமயில நீங்க காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பினா ராத்திரிதான வர்றீங்க? அதான் இன்னிக்கி வந்தேன்."

செங்கமலம் கதவைச் சாத்திவிட்டு எனக்குத் தொலைபேசினாள். நடந்ததைச் சொன்னாள். தனியாக இருப்பவள் வீடு எந்நேரம் பூட்டிக் கிடக்கும் என்பது முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அப்போதாவது வருந்தியிருக்க வேண்டும். மாறாக, "அது சரி, அன்னிக்கி எங்கம்மா போற?" என்று கேட்டுவைத்தேன்.

"நான் இன்னா அவுத்துவுட்ட மாடா, எங்க மேயறேன்னு நீயும் அவனும் பாத்துக்கினு இருக்க?" என்றாள். அதன்பிறகு எட்டு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. அறுபது ஆண்டில் நாங்கள் அத்தனை நாள் பேசாமல் இருந்ததில்லை.

அந்த எட்டு நாளும் ஓதும்போது மனம் நிலைகொள்ளவில்லை. தனக்கு உரிமையான பொருளையே தானம் செய்யலாம். பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பவனுக்குப் புண்ணியமில்லை, பழிதான். இதை நான் சாத்திரத்திலும் படித்திருக்கிறேன், பத்திரத்திலும் எழுதியிருக்கிறேன். நீர் வார்த்து வீட்டைக் கொடுத்துவிட்டு, அதன் விளக்கை என் கையிலேயே வைத்திருந்திருக்கிறேன். அவள் எப்போது எழுகிறாள், எப்போது படுக்கிறாள், என்றைக்கு வீட்டில் இல்லை என்பதெல்லாம் அவள் பொருள். அதை நான் யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை 6.50 மணிக்கு விழுப்புரத்தில் பயணிகள் ரயில் ஏறினேன். கட்டணம் பத்து ரூபாய். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கியதும் சன்னலோர இருக்கை கிடைத்தது. மயிலம் நிலையத்தில் முருகன் குன்று இருக்கும் திசை நோக்கிக் கைகுவித்து, கதவைத் திறக்கச் செய்யப்பா என்று வேண்டிக்கொண்டேன். 7.40க்குத் திண்டிவனம். அங்கிருந்து ஆட்டோ, அறுபது ரூபாய். வந்த வேலையைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்த மீட்டரு டிவி பாக்கறதக்கூட சொல்லிடுமாமே பெரியவரே?"

"எந்தக் கருவி ஓடுதுன்னு நேராச் சொல்லாதுப்பா. எந்நேரம் எவ்வளவு ஓடுதுன்னுதான் சொல்லும். மிச்சத்தை மனுஷன் ஊகிச்சுக்குவான்."

"அப்ப பேஜாருதான். எம் பொண்டாட்டி கைல கெடச்சா நான் காலி" என்று சிரித்தார்.

கதவு திறந்தது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைச் சட்னியோடு நான்கு இட்லி வந்தது. பேச்சை நானே தொடங்கினேன். "தப்பு எம்மேல. எனக்கு உரிமை இல்லாததக் குடுத்துட்டேன். அனுமதிய இப்பவே விலக்கிடறேன், இணைப்பையும் உம் பேருக்கு மாத்திடலாம்."

"மொதல்ல தின்னு" என்றாள். அது பாதி மன்னிப்பு.

கைப்பேசியில் அனுமதியை விலக்க நான்கு நிமிடந்தான் ஆனது. கொடுப்பதற்கு ஆனதைவிட மூன்று நிமிடம் கூடுதல். அதுவரை எடுத்த விவரத்தையெல்லாம் அழித்து, அழித்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அத்துடன் சூரியத்தகடு ஆசை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் அந்நிறுவனத்தை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தாள். சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டு அரிசி மூட்டையை எடைபோட்டு வாங்கிய குரல் அது.

"தம்பி, தகடு எனக்கு வேணும். அரைமணிக்கு ஒருதரம் நான் இன்னா பண்றேன்னு உனக்கு எதுக்கு?"

"மேடம், அந்த டேட்டா இருந்தாதான் சைஸ் கரெக்டா வரும்."

"மாசத்துக்குப் பகல்ல எவ்ளோ, ராத்திரில எவ்ளோ. இப்டி ரெண்டே ரெண்டு நம்பரு, பன்னெண்டு மாசத்துக்கு. அத வச்சிப் போட முடியாதா?"

எதிர்முனையில் யாரிடமோ கேட்கும் சத்தம். "...போடலாம் மேடம். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

"இருக்கட்டும். ஒரு தகடு கம்மியானா நான் ஃபேன நிறுத்திக்கறேன். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, மூணு மாசத்தில அழிச்சிடணும். எழுதி அனுப்பு, ஜல்தியா."

அகந்தை ஆகாது என்று நாள்தோறும் ஓதுகிறவன் நான். அந்த மேசையருகே எனக்கு வந்ததை வேறெந்தச் சொல்லாலும் மறைக்க முடியாது, பெருமைதான். பகல், இரவு, மாதம் என்று கூட்டிவிட்டால் கிழமை மறைந்துவிடும். கேட்பவருக்கு வேண்டியது கிடைக்கும். வேண்டாதது வீட்டுக்குள்ளேயே இருக்கும். எத்தனையோ பத்திரத்துக்கு நான்கெல்லை எழுதிய எனக்கு இந்த எல்லை தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

மின்சார அலுவலகம் அவள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்; நடந்தே போனோம். என் அடையாள அட்டை, அவள் அடையாள அட்டை, செட்டில்மெண்ட் பத்திர நகல், வீட்டுவரி ரசீது, என் சம்மதக் கடிதம். பத்திர நகலைப் புரட்டிய பெண் அதிகாரி, "இவ்ளோ சுத்தமா யாரு சார் எழுதினது?" என்றார். நான் வாய் திறக்குமுன், "இவருதாம்மா. கரண்ட மட்டும் மறந்துட்டாரு" என்றாள் தங்கை.

எண்ணை மாற்ற ஓடிபி வரும் என்றார்கள். என் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. மணியடித்ததோ அவள் கைப்பேசி. எட்டிப் பார்த்தேன். திரையை மார்போடு சாய்த்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு மெசேஜ்லயே போட்டிருக்குண்ணே."

அதிகாரி சிரித்துவிட்டார். நானும்.

மதியம் 2.15க்குத் திரும்பும் பேருந்து. கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். வழியனுப்ப வந்தவள், "கேக்கணும்னு இருந்தா கேளு" என்றாள். எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். "நெய் இருக்கா வீட்ல?" என்று கேட்டேன். என்னை ஒருகணம் பார்த்துவிட்டு, "இருக்குது, வாங்கிட்டு வராத" என்றாள். அவள் எங்கே போகிறாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கக் கற்றதில் எனக்குச் சிறு பெருமை உண்டு.

ஆறாம் நாள் பெயர் மாறியது. நிறுவனம் நிபந்தனைகளை எழுதி அனுப்பியதும் அவளே அனுமதி கொடுத்தாள். இப்படிப் பயணப்படுகிறவர்களுக்குச் சொல்வேன்: வீடு ஒருவர் பெயரிலும் இணைப்பு வேறொருவர் பெயரிலும் இருந்தால், மீட்டர் மாறுமுன்பே சரிசெய்துகொள்ளுங்கள். அனுமதி கேட்பவரிடம் என்ன விவரம், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அவ்வீட்டில் குடியிருப்பவரிடம் முதலில் கேளுங்கள். அசல் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். பதினோரு மணிக்கு முன் போனால் கூட்டம் இராது.

பதிவேற்றுமுன் இக்கட்டுரையைத் தொலைபேசியில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கிழமையை எடுக்கச் சொன்னாள். மூன்று இடத்தில் எடுத்தேன். தெருப் பெயரை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். செங்கமலம் என்பதுகூட அவளே தேர்ந்து கொடுத்த பெயர்தான்.

"அப்புறம் என்னம்மா மிச்சம் இருக்கு?" என்றேன்.

"ரயில் நேரமும் டிக்கெட்டு வெலயும் போட்டுக்கோ. அது உன்னுது."